நாற்பது செகண்ட் ஆரூடம்

"மாப்பிள்ளை, இப்ப ஒரு கோல் விழும் பாருங்க!"

சட்டைக்குப் பட்டன் தைத்துக்கொண்டிருந்த மாமனார் ஊசியை உயர்த்திச் சொன்னார். தையல் மிஷினில் இருந்த மாப்பிள்ளை சட்டென்று காலை எடுத்தார்.

அலமாரி மேலிருந்த ஸ்பீக்கரில் இன்டர்நெட் ரேடியோவின் ஃபுட்பால் வர்ணனை நிதானமாக ஓடிக்கொண்டிருந்தது. கொஞ்ச நேரத்தில் வர்ணனையாளர் "கோல்!" என்று அலறினார்.

"எப்படி மாமா? சொன்னது அப்படியே பலிக்குதே!"

"எல்லாம் அனுபவம் மாப்பிள்ளை."

அனுபவமாவது! மனுஷர் பிறந்ததிலிருந்து பந்தைக் காலால் தொட்டதில்லை.

கோலை முன்கூட்டிச் சொல்வதில் தோற்றவர் கோணல் தையல்களைப் பிரிக்க வேண்டும் என்பது பந்தயம். ஒரு மாதமாகப் பிரிப்பவர் மாப்பிள்ளைதான்.

மாமனார் காது மிஷினைக் கழற்றிப் பட்டன் டப்பா மேல் வைத்துவிட்டு முகம் கழுவப் போனார். காஜா எடுத்துக்கொண்டிருந்த மகள், துடைத்து வைப்போமே என்று அதை எடுத்தாள். உள்ளே கிசுகிசுவென்று சத்தம். காதருகே வைத்துப் பார்த்தாள்.

அதே வர்ணனையாளர். "கோல்!" என்று கத்துகிறார். ஆனால் ஸ்பீக்கரில் பந்து இன்னும் பாதி மைதானம்கூடத் தாண்டவில்லை. அவள் விரல் விட்டு எண்ணினாள். நாற்பது வந்ததும் ஸ்பீக்கரிலும் கோல் விழுந்தது.

அவளுக்கு மானமே போனது. இந்த வயதில் அப்பாவுக்குத் திருட்டு ஆட்டமா? அதுவும் சூதுவாது தெரியாத மனுஷனிடம்!

அப்பா திரும்பி வந்து மிஷினை மாட்டிக்கொண்டு உட்கார்ந்ததும், கணவனைச் சமையலறைக்கு இழுத்துப் போனாள்.

"ஏங்க, அப்பா உங்களை நல்லா ஏமாத்துறாரு. அவர் காதுல முன்னாடியே கேட்டுடுது. நம்ம ஸ்பீக்கர்ல நாற்பது செகண்ட் கழிச்சுத்தான் வருது. இருங்க, மிஷினைக் கழட்டி வெச்சுட்டு ஜோசியம் சொல்லச் சொல்றேன்!"

"ஐயையோ, கழட்ட மட்டும் சொல்லிடாத!"

"ஏன்?"

"மெதுவாப் பேசு. அந்த மிஷின் வாங்கி ஆறு மாசம் டிராயர்லயே தூங்குச்சு. 'நான் என்ன செவிடா'ன்னு தொடவே மாட்டேன்னாரு. லாரிக்காரன் அவ்வளவு ஹார்ன் அடிச்சும் கேக்காம ரோட்டைக் கடந்தாரே, அன்னிக்கு நீ அழுதது மறந்துடுச்சா?"

அவள் எட்டி அப்பாவைப் பார்த்தாள்.

"அவர் போன்ல ரேடியோவை வெச்சு, மிஷினோட சேர்த்துவிட்டது நான்தான். நெட்ல வர்றதை நாற்பது செகண்ட் சேர்த்து வெச்சுக்கிட்டு அப்புறம் பாடுற மாதிரி ஸ்பீக்கரை மாத்தினதும் நான்தான். ஜெயிச்சு ருசி கண்டுட்டாரு. இப்ப முகம் கழுவவும் தூங்கவும்தான் அதைக் கழட்டுறாரு."

அவள் கண் கலங்கிவிட்டது. தையல் பிரித்துப் பிரித்துத் தடித்துப் போயிருந்த அவன் விரல்களைப் பிடித்துக்கொண்டாள்.

"அது கிடக்கட்டும். மாமாவுக்கு மட்டும் இது தெரிஞ்சுடக் கூடாது" என்று அவன் அவள் காதில் குசுகுசுத்தான்.

தையல் அறையிலிருந்து குரல் வந்தது.

"மாப்பிள்ளை, நாற்பது செகண்ட் பத்தலை. யோசிக்கிற மாதிரி நடிக்கவே சரியாப் போயிடுது. ஒரு நிமிஷமா வெச்சுடுங்க!"