போர்வைக்கு இரண்டு நூல்

"அது இத்துப்போன நூலும்மா. சன்னலோரம் வெயில்ல கெடந்தது. தூக்கிப் போடத்தான் எடுத்து வச்சிருக்கேன்."

நூல்கடை முகமது பாரூக் இவ்வளவு சொல்லியும் ஆனந்தமேரி கேட்கவில்லை. "போர்வைக்குத் துண்டு மூட்டுறதுக்குத்தான பாய், அதையே குடுங்க" என்று வாங்கி முந்தியில் முடிந்துகொண்டாள். பக்கத்தில் நின்ற ஜெயமேரியின் முகம் சுண்டிப்போயிற்று.

தைக்கப்போகிற போர்வை ஜெயமேரிக்குத்தான். சிறுமலையில் புதிதாகத் திறந்த பள்ளிக்கூடத்தில் அவளுக்கு டீச்சர் வேலை கிடைத்திருந்தது. மலைக்குளிர் திண்டுக்கல்காரர்களுக்குப் பழக்கமில்லாத சங்கதி. தையல்கடைகளில் விழும் வெட்டுத்துணியை அள்ளி வந்து, துண்டு துண்டாக மூட்டி, அடியில் பஞ்சைப் பரப்பி, மேலே மெஷினில் வரிவரியாக ஓட்டிப் போர்வை தைப்பதில் ஆனந்தமேரியை மிஞ்ச அந்தத் தெருவில் ஆளில்லை. கன்னியர் மடத்து விடுதிக்கே அவள் தைத்த போர்வைதான்.

மடத்துப் போர்வைக்கு அவள் நூல் வாங்குகிற அழகைப் பார்க்க வேண்டும். ஒவ்வொரு நூல்கண்டையும் பிரித்து, ஒரு முழம் இழுத்து, விரலில் சுற்றிச் சுண்டிப் பார்ப்பாள். பட்டென்று அறுந்தால், பாரூக்கின் பாட்டனே எழுந்து வந்து சொன்னாலும் வாங்கமாட்டாள். அப்பேர்ப்பட்டவள் இன்றைக்கும் சுண்டிப் பார்த்தாள். அறுந்தது. வாங்கிக்கொண்டாள்.

ஜெயமேரி பேச்சை மெதுவாக ஆரம்பித்தாள். "நல்ல நூலா ஒண்ணு வாங்கிருக்கலாம்ல சின்னம்மா?"

"மேல ஓட்டுறதுக்கு நல்ல நூல் வீட்டுல இருக்கு. பஞ்சு நகந்துட்டா குளிரும்ல. மூட்டுறதுக்கு இது போதும்."

"தையல் விட்டுப்போயிருமே?"

"விட்டா விடட்டும்."

அதற்குமேல் என்ன கேட்பது? ஆனந்தமேரி அவளைப் பெற்றவள் இல்லை. பெற்றவள் காய்ச்சலில் போன மறுவருடம் அப்பா பவுல்ராஜ் கட்டிக்கொண்டு வந்தவள். மாற்றாந்தாய் என்றால் ஊர் ஒரு கணக்குப் போடும். ஊர் வாயை மூட உலைமூடி ஏது? ஆனால் நியாயமாகச் சொன்னால், ஆனந்தமேரி அவளைக் கை நீட்டி அடித்ததுமில்லை, கட்டி அணைத்ததுமில்லை. வேளைக்குச் சோறு வந்தது, கிறிஸ்துமஸுக்குப் பாவாடை சட்டை வந்தது. 'பொட்டப்பிள்ளைக்கு எதுக்கு டீச்சர் டிரெயினிங்' என்று பவுல்ராஜ் முரண்டு பிடித்தபோது மல்லுக்கட்டிச் சேர்த்துவிட்டதுகூட அவள்தான்.

இப்போது நினைத்தால், அதுவும் தன்னை வீட்டைவிட்டு அனுப்பத்தானோ என்று ஜெயமேரிக்குத் தோன்றியது. மடத்துப் பிள்ளைகளுக்குக் கெட்டி நூல், வீட்டுப் பிள்ளைக்கு இத்துப்போன நூல். புது இடத்தில், புது மனுஷர்களுக்கு முன்னால் போர்வை வாயைப் பிளந்தால் எல்லாருக்கும் தெரிந்துவிடும், இவளுக்கென்று வீட்டில் ஒருத்தரும் இல்லை என்று.

மறுநாள் சாயங்காலம் ஆனந்தமேரி ஜெபமாலை சொல்லக் கோயிலுக்குப் போனாள். மூட்டி முடித்த மேல்துணி மெஷின்மேல் மடித்துக் கிடந்தது. ஜெயமேரி உட்கார்ந்தாள். மடத்து வேலைக்கென்று தனியாக வைத்திருந்த கெட்டி நூலை எடுத்துக் கோத்தாள். துணியைத் திருப்பிப் போட்டு, ஒரு மூட்டு விடாமல் பழைய தையலை ஒட்டியே இன்னொரு தையல் ஓட்டினாள். மிதித்த மிதியெல்லாம் கோபம்தான். கோயிலிலிருந்து ஆட்கள் திரும்பும் சத்தம் கேட்டபோது, இனி யானை பிடித்து இழுத்தாலும் விடாது என்று மடித்து வைத்துவிட்டு எழுந்தாள்.

வெள்ளை நூலுக்குப் பக்கத்தில் வெள்ளை நூல். விளக்கு வெளிச்சத்தில் ஆனந்தமேரிக்கு எதுவும் தெரியவில்லை. பஞ்சைப் பரப்பி, வரி ஓட்டி, போர்வையை முடித்துவிட்டாள்.

பஸ் புறப்படும் அன்று, டிரங்குப் பெட்டியை மேலே ஏற்றப் பவுல்ராஜ் போயிருந்தான். ஆனந்தமேரி சன்னல் வழியாகப் போர்வையை ஜெயமேரியின் மடியில் வைத்தாள். வைத்தவள் நகராமல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"ஏத்தா, மூட்டுத்தையலெல்லாம் ரெண்டு மாசத்துல விட்டுரும். மலையில யார்ட்டயும் தைக்கக் குடுத்துராத. நம்ம வீட்டுக்கே கொண்டாந்துரு."

ஜெயமேரிக்குப் பொறுக்கவில்லை. "விட்டுரும்னு தெரிஞ்சே எதுக்கு அந்த நூலப் போட்டீங்க?"

கண்டக்டர் விசில் கொடுத்தார். ஆனந்தமேரி முந்தியால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள்.

"பெத்தவளா இருந்தா, லீவுக்கு வாடின்னு உரிமையா கூப்ட்டுருவேன். நான் கூப்ட்டா நீ வருவியோ என்னமோ. தையல் விட்ட போர்வைய எடுத்துக்கிட்டாவது வருவேல்ல."

பஸ் நகர்ந்துவிட்டது. ஜெயமேரி எட்டிப் பார்த்தாள். புழுதிக்குள் ஆனந்தமேரி கையைத் தூக்கியபடி நின்றாள்.

மலைப்பாதையின் முதல் வளைவு வருவதற்குள், ஜெயமேரி சேலையில் குத்தியிருந்த ஊக்கைக் கழற்றி, மடியிலிருந்த புதுப் போர்வையின் மூட்டுத்தையலை விரித்துப் பிடித்து, தான் போட்ட கெட்டித் தையலைப் பிரிக்கத் தொடங்கினாள்.