சொல்லிவிட்ட கை

தனுஷ்கோடி அழிந்த வருஷத்திலிருந்து மலையாண்டியின் கை அவர் சொன்னதைக் கேட்கவில்லை. நரம்பு சொல்வது சதைக்குப் போய்ச் சேரவில்லை என்றார் ராமநாதபுரத்து டாக்டர்.

"கைக்குச் சொல்லிப்புட்டேன் பூமயிலு, மெதுவா வரும்" என்பார் மனைவியிடம். பிறகு பேச்சும் நின்றுபோனது.

நேற்று, இழுத்துக்கொண்டு கிடக்கிறாரே என்று சொந்தபந்தம் ஒவ்வொருவராகப் பால் ஊற்றினார்கள். கடைசியாகப் பூமயில் ஊற்றினாள். அடங்கிவிட்டார்.

இன்று குளிப்பாட்டிக் கிடத்தியிருந்தபோது வலது கை எழுந்து, முகத்தில் இல்லாத ஈயை விரட்டியது. அது போன மாதத்து ஈ.

"சொன்னதெல்லாம் இப்பத்தான் வருது" என்றாள் பூமயில்.

அடுத்து அந்தக் கை வாய்க்கு முன்னால் விரிந்து, எதையோ தள்ளியது. மறுபடியும் தள்ளியது. பால் ஊற்றியவர்கள் ஒவ்வொருவராகப் பின்வாங்கினார்கள்.

கடைசியில் அது பூமயிலின் மணிக்கட்டைப் பிடித்தது. விரல் விரலாகப் பிரித்துத்தான் அவரைத் தூக்கினார்கள்.