நாற்பத்து மூன்றாவது பறவை

சவுரிராயன் தான் கொண்டுவந்த சால்வையைப் பிரித்துத் தோளில் போர்த்தியபோது, விருத்தாசலம் கூச்சத்தில் நெளிந்தார்.

"இன்னாத்துக்கு சார் இதெல்லாம்?"

"எம் பொண்ண தண்ணியிலேந்து தூக்கியாந்த தோளு இது. போன வருஷமே போட்டிருக்கணும். அப்ப எனக்குக் கையும் ஓடல, காலும் ஓடல."

பனமலை ஏரிக்கரையில் மார்கழிப் பனி இன்னும் கலையவில்லை. விருத்தாசலத்தின் மனைவி பாஞ்சாலி தூக்குவாளியில் டீ கொண்டுவந்திருந்தாள்.

"யோவ், மோட்டார் கொட்டாய்க்குப் போயி சுவிட்ச்ச பாத்தியா?" என்றாள் கணவனிடம்.

"சார்தான் இருட்டோட வந்து நிக்கிறாரே. அப்பறம் போறேன். நீ டீய ஊத்து."

சவுரிராயன் திண்டிவனத்தில் நூலக உதவியாளர். பறவைப் பைத்தியம் அவருக்கல்ல, அவர் மகள் அஸ்வினிக்கு. போன மார்கழியில் கல்வராயன் மலைக்காட்டில் தொடங்கி, ஏரி ஏரியாகப் பறவை பார்த்துக்கொண்டே இறங்கி வந்தவள், ஒன்பதாம் நாள் காலையில் இந்த ஊரில் செத்துப்போனாள்.

வாத்தைப் படம் எடுக்கப்போய்ச் சேற்றில் வழுக்கி ஏரியில் விழுந்துவிட்டாள் என்று விருத்தாசலம்தான் எல்லோரிடமும் சொன்னார். ஈரம் சொட்டச் சொட்டத் தோளில் சுமந்து வந்தவரும் அவர்தான்.

"எம் புள்ள உடம்பக் கிழிக்காதீங்க சாமி" என்று போலீசும் டாக்டருமாக வந்தவர்கள் காலிலெல்லாம் சவுரிராயன் விழுந்தார். கேட்ட இடத்தில் கையெழுத்துப் போட்டு, அறுக்காமலே வாங்கிப்போய் அடக்கம் செய்தார். மகளுக்குத் தன்னால் செய்ய முடிந்தது அது ஒன்றுதான் என்று இன்றுவரை அவருக்கு ஓர் ஆறுதல்.

மிஞ்சியது அவளுடைய பைனாகுலரும் ஒரு நோட்டும். நோட்டில் நாற்பத்து மூன்று பறவைகள், பார்த்த நேரத்தோடு. காக்கையையும் மைனாவையும் தவிர வேறொன்றும் தெரியாத சவுரிராயன், இந்த மார்கழியில் அதே நாட்களில், அதே இடங்களுக்கு, அதே வரிசையில் போய்வந்தார். நாற்பத்திரண்டு ஆகிவிட்டது.

"இன்னும் ஒண்ணே ஒண்ணுதாங்க" என்று கடைசிப் பக்கத்தை விரித்துக் காட்டினார். '6.20 – வானம்பாடி' என்று பென்சிலில் எழுதியிருந்தது. ஓரத்தில் அஸ்வினியின் கட்டைவிரல் ரேகை, செம்மண் நிறத்தில். அதன்மேல் யார் விரலும் படாமல் ஒரு வருடமாகக் காப்பாற்றி வைத்திருந்தார்.

"பொண்ணு எழுதுன நோட்ட அப்பன் படிக்கிறாரு. ஒலகம் தலகீழாப் போச்சி" என்றாள் பாஞ்சாலி. சிரிக்க வந்தவள் அவர் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டாள்.

"இன்னிக்கு சாயங்காலம் அவளுக்கு வருஷப் பூசை. அதுக்குள்ள இதையும் பாத்துட்டா, அவ கண்ணு கடைசியாப் பாத்தத நானும் பாத்த மாதிரி ஆயிடும்."

விருத்தாசலம் நோட்டைப் பார்த்தார். உடனே ஏரிப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"அது கெடக்குது சார், கையளவு குருவி. அதோ பாருங்க, பட்டைத்தலை வாத்து. இமயமலையவே தாண்டி வந்துகீது. அதப் பாப்பீங்களா, இன்னாமோ!"

"அது நாப்பத்தொண்ணு. அத முந்தின நாளே எழுதிட்டா."

அப்போதுதான் அது கேட்டது. கரைக்கு அந்தப் பக்கம், மேட்டில் வேர்க்கடலை விளையும் விருத்தாசலத்தின் மல்லாட்டைக் கொல்லையிலிருந்து, மூச்சு விடாமல் ஒரு பாட்டு. பத்து நாளாகச் செல்போனில் போட்டுப் போட்டுக் கேட்டு மனப்பாடமான குரல்.

சவுரிராயன் டீயைக் கீழே வைத்தார். கைக்கடிகாரத்தில் ஆறு இருபது. கரையிறங்கி வரப்பில் ஏறிவிட்டார்.

"சார், அங்க வாணாம் சார்! பாம்பு கெடக்கும்!"

"இந்தப் பனியில பாம்பு எங்கங்க வரப்போவுது?"

"பன்னி நோண்டிப் போட்ட குழிங்க சார்! காலு உள்ள பூடும்! நில்லுங்க!"

கொல்லை நடுவிலிருந்து அந்தச் சின்னப் பறவை எழுந்தது. பாடிக்கொண்டே செங்குத்தாக ஏறியது. சவுரிராயன் பைனாகுலரைக் கண்ணில் வைத்து, அண்ணாந்து பார்த்தபடி அதன் பின்னாலேயே நடந்தார். செருப்பில் செம்மண் அப்பிக் கனத்தது.

பறவை பனியைத் தாண்டி வெளிச்சத்துக்குள் போய் ஒரு புள்ளியானது. பாட்டு மட்டும் கீழே கொட்டிக்கொண்டிருந்தது.

"பாத்துட்டேம்மா" என்றார். கண்ணாடிக்குள் எல்லாம் கலங்கியது. கண்ணை எடுக்காமலே இன்னும் ஓர் அடி வைக்கக் காலைத் தூக்கினார்.

சால்வை நழுவி வரப்பில் விழ, பின்னாலிருந்து ஓடிவந்த விருத்தாசலம் அவர் சட்டையைக் கொத்தாகப் பிடித்து இழுத்துக்கொண்டே அலறினார்.

"ஐயோ சார், பன்னிக்குக் கட்டுன கம்பில கரண்டு ஓடுது! உங்க பொண்ணும் இப்பிடித்தான் அண்ணாந்து பாத்துக்கினே வந்து மிதிச்சிச்சி!"