வட்ட பிளாஸ்டர்

ஊசியைக் கண்டதும் நெவில் வலது கட்டைவிரலை உள்ளங்கைக்குள் மறைத்துக்கொண்டார்.

நர்ஸ் ட்ரீனா அதைப் பார்த்துவிட்டாள்.

“ஒரே நாள்ல ஆயிரம் செம்மறிக்கு ஊசி போடுற ஆளு நீங்க. ரெண்டே ரெண்டு ஊசிக்கு இப்படி வேர்க்குதே!”

“ஆட்டுக்குப் போட்டா எனக்கு வலிக்காதே.”

சிரிக்கத்தான் சொன்னார். குரல் ஒத்துழைக்கவில்லை.

அந்த ஊரில் மே மாதம் என்றால் குளிர்காலத் தொடக்கம். கிளினிக் ஜன்னலில் பனி படிந்திருந்தது. அவர் முதுகில் மட்டும் வேர்வை இறங்கிக்கொண்டிருந்தது.

வெளியே நின்ற காரில் மகள் கெய்லி இருந்தாள். பின் இருக்கையில் மூன்று வாரக் குழந்தை. நெவில் தன் பேத்தியை இதுவரை கண்ணாடி வழியாகத்தான் பார்த்திருக்கிறார்.

கெய்லியின் சட்டத்தில் யாருக்கும் சலுகை கிடையாது. ஃப்ளூவுக்கு ஒரு ஊசி, கோவிடுக்கு ஒரு ஊசி. அதற்கு கிளினிக் கொடுக்கும் காகிதம். பிறகு இரண்டு வாரம் கழிய வேண்டும். அப்புறம்தான் குழந்தையைக் கையில் தருவாள். அவள் மாமனார்கூடக் காகிதத்தைக் காட்டிவிட்டுத்தான் தூக்கினார்.

“அம்மாவுக்கு ஆனது போதும்ப்பா,” என்றிருந்தாள்.

நெவில் தலையை ஆட்டியிருந்தார்.

“இதுக்கு முன்னாடி எந்த ஊசியாவது ஒத்துக்காம போயிருக்கா, நெவ்?” ட்ரீனா படிவத்தைப் பார்த்துக் கேட்டாள்.

மறைத்திருந்த விரலை நீட்டினார். நுனி வளைந்து, நகம் இல்லாமல் இருந்தது. பத்து வருடத்துக்கு முன் பட்டியில் ஒரு கிடா துள்ளியபோது, மந்தைக்கு மருந்து போடும் ஊசித் துப்பாக்கி அதன் கழுத்துக்குப் பதிலாக அவர் விரலில் இறங்கிவிட்டது. மருந்தை வெளியே எடுக்க மூன்று முறை அறுத்தார்கள்.

“அது ஆட்டு மருந்து. அதை எழுத என் படிவத்துல இடமில்ல.”

கணினிப் பக்கம் திரும்பினாள். எதையோ தேடினாள். திரையில் மேலே போனாள், கீழே வந்தாள். பிறகு அவரை ஒருமுறை திரும்பிப் பார்த்தாள்.



நெவில் இரண்டு சட்டைக் கைகளையும் தோள்வரை சுருட்டிவிட்டார்.

இடது கையில் ஒன்று. வலது கையில் ஒன்று. கண்களை இறுக மூடி, பல்லைக் கடித்துக் காத்திருந்தார்.

“முடிஞ்சுது.”

“அவ்வளவுதானா?”

“அவ்வளவுதான்.”

அந்தச் சொல் ஊசியைவிட ஆழமாக இறங்கியது.

ட்ரீனா இரண்டு கைகளிலும் வட்டமான சின்ன பிளாஸ்டர்களை ஒட்டினாள்.

“நீலம் பூசியாச்சு. பட்டியை விட்டு வெளியே போகலாம்.”

ஊசி போட்ட ஆட்டின் நெற்றியில் நீலச் சாயத்தை இழுத்துவிடுவார்கள். நீலம் இருந்தால் அந்த ஆட்டை யாரும் மறுபடி சோதிப்பதில்லை.

நெவில் சிரிக்கவில்லை.

“காகிதம் கெய்லிக்குத்தானே?” ட்ரீனா திரையை விட்டுப் பார்வையை எடுக்கவில்லை. “இன்னைக்குப் போட்டதை மட்டும் அடிக்கவா? இல்ல, பழசு எல்லாம் சேர்த்தா?”

ஜன்னலுக்கு வெளியே கெய்லி பின்னால் திரும்பி, குழந்தையிடம் ஏதோ சொல்லிச் சிரித்தாள்.

இன்றையது மட்டும் என்றால் போதும். மகள் கேட்டதும் அவ்வளவுதான்.

“எல்லாம் சேர்த்தே அடி.”

அச்சு இயந்திரம் ஒரே ஒரு தாளைத் தள்ளியது.

பதினைந்து நிமிடம் உட்கார்ந்துவிட்டுத்தான் போக வேண்டும். சுவரோரம் இருந்த நாற்காலியில், தாளை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். ஃப்ளூ என்ற தலைப்பின் கீழ் ஒரு வரி. கோவிட் என்ற தலைப்பின் கீழும் ஒரே வரி. இரண்டிலும் இன்றைய தேதி.

அதற்கு முன்னால் போட்டதாக ஒரு வரிகூட இல்லை.

சில வருடங்களுக்கு முன் மனைவி லினெட்டுக்கு ரத்தப் புற்றுநோய் மருந்து ஏறிக்கொண்டிருந்தது. சின்னத் தொற்றுகூட அவளுக்குத் தாங்காது, வீட்டில் இருப்பவர்கள் எல்லோரும் ஊசி போட்டுக்கொள்ள வேண்டும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். இதே கிளினிக் வாசலில் நெவில் வண்டியை நிறுத்திவிட்டு ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தார். கட்டைவிரலைப் பார்த்துக்கொண்டே இருந்தார். வண்டிக் கதவைத் திறக்கக் கை வரவில்லை.

அடுத்த மாதம் ஆட்டுச் சந்தையிலிருந்து இருமிக்கொண்டே வீட்டுக்கு வந்தார். நான்கு நாளில் அவருக்குச் சரியாகிவிட்டது.

லினெட்டை அடக்கம் செய்த அன்று கெய்லி அவர் தோளைப் பிடித்துக்கொண்டு அழுதாள். “நம்மால ஆனதெல்லாம் செஞ்சோம்ப்பா. ஊசின்னா அவ்வளவு பயப்படுற நீங்களே போட்டுக்கிட்டீங்க.”

ட்ரீனா கடிகாரத்தைக் காட்டினாள். நெவில் எழுந்தார். வாசலுக்கும் காருக்கும் இடையே இருபது அடிதான். தாளைக் கையில் பிடித்தபடி நடந்தார்.

கெய்லி காரின் கண்ணாடியை இறக்கினாள்.

“மயக்கம் போட்டு விழுந்தீங்களா, இல்லையா?”

பின் இருக்கையில் ஒரு சின்னக் கை போர்வைக்கு வெளியே விரிந்து, மூடிக்கொண்டது.

கெய்லியின் முகம் மென்மையானது. கையை நீட்டி, அவர் தோளுக்குக் கீழே இருந்த வட்ட பிளாஸ்டரை ஒரு விரலால் மெதுவாகத் தொட்டாள்.

“வலிக்குதாப்பா?”

லினெட்டும் இப்படித்தான் ஒரு விரலால் தொட்டாள். இதையேதான் கேட்டாள். கிளினிக்குக்குள் போகாமலே திரும்பிய அன்று, வண்டியில் கிடந்த முதலுதவிப் பெட்டியிலிருந்து எடுத்து அவரே தன் கையில் ஒட்டிக்கொண்ட பிளாஸ்டர் அது. “கொஞ்சம்,” என்று அன்று சொல்லியிருந்தார்.

“இல்லம்மா,” என்றார் நெவில். “வலிக்கவே இல்ல.”

தாளை மடிக்காமல் அவளிடம் நீட்டினார்.