மணியக்காரர் வீட்டு உப்புக் கிணறு

"இது விதைநெல்லுங்க ஐயா! இதையும் ஏத்திட்டீங்கன்னா ஆடியில நான் எதை விதைப்பேன்?"

கமலவேணி மூட்டையை மறித்துக்கொண்டு நின்றாள். ஆண்டிமடம் பக்கத்துச் சின்ன ஊர். யுத்தம் முடிந்தும் பஞ்சம் முடியாத வருஷம். சர்க்கார் வண்டி வீடு வீடாக நின்று கட்டாயக் கொள்முதலுக்கு நெல் அளந்து கொண்டிருந்தது.

இன்ஸ்பெக்டர் சிரித்தார். "எல்லாரும் இதையேதான் சொல்றீங்க. ஒரு படி ஊற வைப்போம். மூணாம் நாள் முளைச்சா விதைநெல்லு, உனக்கு. முளைக்கலேன்னா வண்டிக்கு."

"ஊத்துத் தண்ணி கொண்டாந்து தரேங்க..."

"உன் கையே படக்கூடாது. மணியக்காரர் வீட்டுல ஊறட்டும்."

போச்சுடா! மணியக்காரர் பஞ்சநாதன், செத்துப்போன அவள் புருஷனுக்குப் பங்காளி. வரப்புத் தகராறில் ஆறு வருஷமாக முகத்தில் முழிப்பதில்லை. அவர் வீட்டுக் கிணறோ வாயில் வைக்க முடியாத உப்பு. அந்தத் தண்ணீரில் கீரை விதைகூட முளைக்காது. தப்பித் தவறி முளைத்தாலும் ரெண்டே நாளில் நுனி கருகிச் சாகும். ஊரே அறிந்த சங்கதி.

பஞ்சநாதன் நெல் முடிச்சைத் தோளில் போட்டுக்கொண்டார். "நம்ம கிணத்தடியிலேயே கிடக்கட்டுங்க. நான் பாத்துக்கறேன்."

"பாவி! பழி தீத்துக்கறான்" என்று கமலவேணி வாய்விட்டே திட்டினாள். மூணு நாளும் அவளுக்குச் சோறு இறங்கவில்லை.

மூணாம் நாள் காலை. மணியக்காரர் வாசலில் ஊரே கூடிவிட்டது. இன்ஸ்பெக்டர் முடிச்சை அவிழ்த்தார்.

அடேங்கப்பா! ஒரு மணி பாக்கியில்லை. அத்தனை நெல்லும் வெள்ளை வெளேரென்று மூக்கை நீட்டிக்கொண்டிருந்தது. உள்ளே விட்ட கையை இன்ஸ்பெக்டர் சட்டென்று எடுத்தார். முளைச்சூடு அப்படி! கமலவேணிக்கு உடம்பெல்லாம் புல்லரித்துப் போயிற்று.

"உப்புத் தண்ணியிலயா இப்படி?"

"மாரியாத்தா கண்ணத் தொறந்துட்டாடி!"

ஆளாளுக்குக் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். இன்ஸ்பெக்டரும் ஒருதரம் போட்டுக்கொண்டார். வண்டி அவள் மூட்டையைத் தொடாமல் போயிற்று.

கமலவேணி வீட்டுக்கு வந்து ஆத்தாளுக்கு விளக்கேற்றிக் கொண்டிருந்தபோது வாசலில் நிழலாடியது. பஞ்சநாதன் பெண்சாதி பூங்காவனம், இடுப்பில் காலிக் குடத்தோடு.

"அக்கா, நல்ல தண்ணி இருந்தா ஒரு செம்பு குடுங்க. ஊத்துல ஒரு நாளைக்கு வீட்டுக்கு ஒரு குடந்தான் கிடைக்குது. அதையும் அந்த மனுஷன் உங்க நெல்லுக்கே மாத்தி மாத்தி ஊத்திட்டு, மூணு நாளா எங்களைக் கிணத்துத் தண்ணியக் குடிக்க வெச்சுட்டாரு!"