ஸ்டெப்னியின் ரோஷம்

ஒரு கார் நேபாளம் வரைக்கும் சுற்றுலா போகக் கிளம்பிக்கொண்டிருந்தது. அதன் சொந்தக்காரர் தனசேகர் முதல் வேலையாகப் பங்க்குக்கு ஓட்டிப் போய் நாலு சக்கரத்துக்கும் காற்று அடித்தார். டிக்கியில் விரிப்புக்கு அடியில் படுத்திருந்த ஸ்டெப்னியை மட்டும் மறந்துவிட்டார்.

"அக்கா, மலையில ஒரு சக்கரம் பஞ்சரானா நீதானே இறங்கணும்? உன் உடம்புல காத்தே இல்லையே, ஒரு குரல் கொடேன்" என்றது பக்கத்தில் இருந்த ஜாக்கி.

"மாட்டேன் போடா. நான் ஒருத்தி இங்கே கிடக்கிறது அவருக்கே தெரிய வேண்டாமா?" என்று ஸ்டெப்னி முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டது. கொஞ்ச நேரம் கழித்து, "என்னால வண்டி நடுக்காட்டுல நின்னுடுமோடா? குழந்தைங்க வேற வருதுங்களே" என்று விசும்பியது.

ஜாக்கி தன்னைப் பிடித்திருந்த கொக்கியிலிருந்து நழுவி, வீடு திரும்பும் வழியில் வந்த வேகத்தடையில் எல்லாம் டங்கு டங்கென்று இரும்பில் மோதிக்கொண்டது.

"என்னடா இது சத்தம்!" என்று தனசேகர் வண்டியை ஓரங்கட்டி டிக்கியைத் திறந்தார். ஜாக்கியை எடுக்க ஸ்டெப்னி மேல் கையை ஊன்றினார். கை அமுங்கியது.

"ஐயோ, இதுல காத்தே இல்லையே!" என்று பங்க்குக்கே வண்டியைத் திருப்பினார்.

வயிறு முட்டக் காற்று ஏறியதும் ஸ்டெப்னிக்குப் பெருமை தாங்கவில்லை.

"பார்த்தியாடா, நான் வாயே திறக்கலை. அவராத்தான் என்னைத் தேடி வந்தாரு!"

ஜாக்கிக்கு உடம்பெல்லாம் வலித்தது.

"ஆமாக்கா, உன் மேல அவருக்கு அவ்வளவு பிரியம்" என்றது.