உரிமை உண்டு, கட்டாயமில்லை

“சும்மா நிக்காதீங்கய்யா. வாயத் தொறந்து எதையாவது கத்துங்க!” மேற்பார்வையாளர் ஹிட்டே எங்களிடம் கெஞ்சினார்.

தொலைக்காட்சிக்காரர்கள் கேமராவோடு படியேறிக்கொண்டிருந்தார்கள்.

ஆம்ஸ்டர்டாமில் ஆப்ஷன் சந்தை திறந்து மூன்றாவது வாரம். ஐரோப்பாவில் இப்படி ஒன்று அதுவரை கிடையாது. கூடத்தில் நின்று விலையைக் கத்தித்தான் வியாபாரம்; அன்று காலையிலிருந்து ஒன்றுகூட நடக்கவில்லை.

நாங்கள் விற்றது பங்கு அல்ல. இன்ன விலைக்கு, இன்ன தேதிக்குள் பங்கை வாங்கிக்கொள்ளும் உரிமை. மனமிருந்தால் வாங்கலாம், இல்லாவிட்டால் விட்டுவிடலாம். இதை ஊருக்குப் புரியவைப்பதற்குள் எங்களுக்குத் தொண்டை வற்றிவிட்டது.

எனக்கு எதிரே நின்றிருந்தான் டியேர்ட். ஆறு வருடமாக என்னைக் கல்யாணம் செய்துகொள்ளப் போகிறவன்.

எதையாவது கத்து என்றால் வேறு எதைக் கத்துவது?

“என்னைக் கட்டிக்கப் போறியா, இல்லையாடா?”

நாற்பது தலைகள் திரும்பின. கேமராவும் உள்ளே வந்துவிட்டது. டியேர்ட் அசரவில்லை. வியாபாரம் பேசுகிறவன் போலவே கையை உயர்த்தினான்.

“உரிமை எங்கிட்ட இருக்கு, ஃபெம்கே. கட்டாயம் ஒண்ணும் இல்லையே!”

ஒரே சிரிப்பு. எனக்குக் காதுவரை எரிந்தது.

“உரிமைக்குக் கெடு உண்டு. வர்ற வெள்ளிக்கிழமை, சாயங்காலம் நாலு மணி. அதுக்கப்புறம் நீ யாரோ, நான் யாரோ!”

“மோதிரத்தோட வருவான், பத்து கில்டர்!” என்றது பின்னாலிருந்து ஒரு குரல். “வரமாட்டான், இருபது!” என்றது இன்னொன்று. ஒரு நிமிடத்தில் ஆளாளுக்குக் கத்தினார்கள். ஹிட்டேயே நோட்டை எடுத்து எழுத ஆரம்பித்தார்.

இரவுச் செய்தியில் எங்களைக் காட்டினார்கள். புதிய சந்தையில் வியாபாரம் சூடுபிடித்துவிட்டது என்றார் வாசித்தவர். மறுநாள் நான்கு வங்கிகளிலிருந்து ஆட்கள் வந்து எங்களை மரியாதையோடு வேடிக்கை பார்த்தார்கள்.

வெள்ளிக்கிழமை நாலு அடிக்க ஐந்து நிமிடம். டியேர்ட் தலைவாரி, கழுத்துப்பட்டை கட்டி, மோதிரத்தோடு வந்து நின்றான். கூடம் அதிர்ந்தது. நான் அழுதேன். விரலை நீட்டினேன்.

பிறகு ஹிட்டே நோட்டைத் திறந்து பெயர்களைப் படித்தார். ‘வருவான்’ என்று எல்லோரையும்விட அதிகமாகப் பணம் கட்டியிருந்தவன் டியேர்ட்.

எல்லோரும் என் முகத்தைப் பார்த்தார்கள். நான் அவனைத் திட்டவில்லை.

ஹிட்டே அடுத்த பக்கத்தைத் திருப்பினார். ‘வரமாட்டான்’ என்பதில் முதல் பெயர் என்னுடையது.